ஏழு நிமிஷத்து உரிமை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட பகுதியிலே, மினசோட்டா மாகாணத்தில், கானன் என்னும் சிற்றாற்றின் கரையில், மாவு ஆலையும் கல்லூரியும் தேவாலயங்களும் கொண்டு அமைதியாக வாழ்ந்து வந்த நார்த்ஃபீல்டு என்ற சிறிய ஊருக்கு, 1876-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி அளவில் நேர்ந்த சோதனை ஏறக்குறைய ஏழு நிமிஷமே நீடித்தது. ஆயினும், குற்றவாளியின் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு சாதாரணப் பிரஜை தானும் துப்பாக்கி ஏந்தலாமா, ஏந்தினால் எந்த எல்லை வரையில் ஏந்தலாம் என்று அந்த நாட்டார் இன்றளவும் விவாதித்து வரும் கேள்விக்கு, அந்த ஏழு நிமிஷமும் அதை அடுத்து வந்த இரண்டு வாரங்களும் சேர்ந்து சொல்லும் விடையைப்போலத் தெளிவான விடை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று அந்த ஊருக்குள் குதிரையேறி வந்தவர்கள் எட்டுப் பேர். உள்நாட்டு யுத்தத்தில் மிசௌரி மாகாணத்துக் கரந்துறை படைகளில் சேர்ந்து கொலைத்தொழில் பழகி, 1865-இல் யுத்தம் முடிந்த பிறகும் அந்தத் தொழிலை விடாமல் பாங்குகளையும் ரயில்களையும் கொள்ளையடித்துப் பேர் பெற்றிருந்த ஜெஸ்ஸி ஜேம்ஸ், அவன் தமையன் பிராங்க், யங்கர் குடும்பத்துச் சகோதரர்களான கோல், ஜிம், பாப் ஆகிய மூவர், இவர்களோடு வேறு மூவர். உடம்பில் நீண்ட அங்கிகள், அங்கிகளுக்குள்ளே ரிவால்வர்கள். மூன்று பேர் முதல் தேசிய பாங்குக்குள் நுழைய, இருவர் வாசலைக் காக்க, மற்ற மூவர் பாலத்தருகே நின்று, தப்பிச் செல்லும் வழியைப் பார்த்துக்கொண்டார்கள்.

பாங்கின் காஷியர் அப்போது ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியைப் பார்க்கப் போயிருந்தபடியால், அவருக்குப் பதிலாக ஜோசப் லீ ஹேவுட் என்ற கணக்கர் அன்று மேஜையில் அமர்ந்திருந்தார். இப்படி ஒரு கொள்ளை நேர்ந்தால் பெட்டகத்தைத் திறந்து கொடுப்பீர்களா என்று கல்லூரித் தலைவர் அதற்குச் சில நாட்களுக்கு முன் பேச்சுவாக்கில் கேட்டதாகவும், கொடுக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன் என்று ஹேவுட் அடக்கமாக விடை சொன்னதாகவும் அவ்வூரார் சொல்லி வருகிறார்கள். சொன்னபடியே செய்தார். கடிகாரப் பூட்டுப் போட்டிருக்கிறது, குறித்த நேரத்துக்கு முன் திறக்க முடியாது என்று அவர் சாதித்தார்; துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்தபோதும், கழுத்தில் கத்தியை வைத்துக் கீறியபோதும், காதோரத்தில் வேட்டு வைத்து மிரட்டியபோதும் சொன்னதையே சொன்னார். உண்மையில் அந்தப் பெட்டகம் சாத்தியிருந்ததேயன்றிப் பூட்டியிருக்கவில்லை. கைப்பிடியை ஒரு முறை திருகிப் பார்த்திருந்தால் திறந்துகொண்டிருக்கும். அந்த மனிதரின் உறுதியைக் கண்ட கொள்ளைக்காரர்களில் ஒருவனுக்குக்கூட அப்படித் திருகிப் பார்க்கத் தோன்றவில்லை.

இதற்குள் வாசலில் சந்தேகங்கொண்டு எட்டிப் பார்த்த இரும்புக்கடைக்காரர் ஜே. எஸ். ஆலன், தம் சட்டையைப் பிடித்தவனின் கையை உதறிவிட்டு, பாங்கில் கொள்ளை, துப்பாக்கிகளை எடுங்கள் என்று தெரு முழுவதும் கேட்கக் கூவிக்கொண்டே ஓடினார். ஓடிய வேகத்தில் தம் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த துப்பாக்கிகளையே எடுத்துக் கேட்டவர் கையில் கொடுத்தார். மிஷிகன் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்த ஹென்றி வீலர் என்ற இளைஞர், தந்தையின் மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர், தம் துப்பாக்கி வீட்டில் இருப்பதை நினைத்து, ஒரு ஹோட்டலுக்குள் பாய்ந்து, பழைய பட்டாளத்துக் கார்பைன் ஒன்றையும் சில தோட்டாக்களையும் தேடி எடுத்துக்கொண்டு மாடி ஜன்னலுக்கு ஏறினார். மற்றோர் இரும்புக்கடைக்காரரான ஏ. ஆர். மானிங், ஒரே ஒரு தோட்டா போடக்கூடிய தம் துப்பாக்கியோடு தெரு முனையில் வந்து நின்று, முதலில் ஒரு குதிரையைச் சுட்டு வீழ்த்தினார். சுட்ட தோட்டாவின் கூடு குழலில் சிக்கிக்கொள்ளவே, கடைக்குத் திரும்பி ஓடி, கம்பியால் குத்தி அதை வெளியேற்றிக்கொண்டு மறுபடியும் அதே முனைக்கு வந்தார். பறவை சுடும் சன்ன ரவையைத் தவிர வேறொன்றும் கிடைக்காத ஒருவர் அந்த ரவையையே சுட்டார். துப்பாக்கியே கிடைக்காத இருவர், தெருவிலிருந்த கற்களைப் பொறுக்கி, ரிவால்வர்களோடு குதிரை மேலிருந்தவர்கள் மீது எறிந்தார்கள்.

வீலரின் குண்டுக்கும் மானிங்கின் குண்டுக்கும் கொள்ளைக்காரர்களில் ஒவ்வொருவன் இரையானான். பாப் யங்கரின் முழங்கை வீலரின் மற்றொரு குண்டால் நொறுங்கியது. எஞ்சிய அறுவரும் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்கள் கொண்டு போனது 26 டாலரும் சில்லறையுமே. ஆனால் ஊர் கொடுத்த விலை அதனால் குறைந்துவிடவில்லை. பாங்கைவிட்டு வெளியேறும்போது அவர்களில் ஒருவன் திரும்பி, ஆயுதம் ஏதுமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்த ஹேவுட்டின் தலையில் சுட்டான். பின்வாசல் வழியாக ஓடிய குமாஸ்தாவுக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. ஸ்வீடன் தேசத்திலிருந்து புதிதாகக் குடியேறிய நிக்கலஸ் குஸ்டாஃப்சன் என்பவர், தெருவில் நின்ற ஒரே குற்றத்துக்காகச் சுடப்பட்டு, நாலாம் நாள் உயிர் நீத்தார். தற்காப்பைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த இரண்டு சாவுகளையும் கணக்கில் சேர்க்காமல் பேசினால் அந்தப் புகழ்ச்சி பாதி உண்மையாகவே நின்றுபோகும்.

இனி, அந்தச் சம்பவத்தின் பிற்பகுதி. ஜேம்ஸ் சகோதரர்கள் இருவரும் பிரிந்து தப்பிவிட, யங்கர் சகோதரர் மூவரும் நான்காமவன் ஒருவனும் சேற்றிலும் மழையிலும் இரண்டு வாரம் அலைந்து, செப்டம்பர் 21-ஆம் தேதி மடேலியா என்ற ஊருக்கு அருகே ஒரு சதுப்புநிலத்தில் சூழப்பட்டார்கள். அவர்களை இன்னாரென்று ஊகித்துக் குதிரையேறிப் போய்ச் செய்தி சொன்னவன் குடியானவர் வீட்டுப் பையன் ஒருவன். ஷெரீப் உட்படப் புதருக்குள் இறங்கிய எழுவரில் பெரும்பாலோர் ஊரின் சாமானிய மனிதர்கள். நான்காமவன் அங்கேயே மடிந்தான். கோல் யங்கரின் உடம்பில் பதினொரு காயங்கள். ஜிம்மின் தாடை சிதறியிருந்தது. சரணடைந்த மூவரையும் அந்த ஊரார் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஹோட்டலில் படுக்கை போட்டு, வைத்தியர்களைக் கொண்டு காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். கும்பல் கூடித் தூக்கிலிட்டுவிடாதபடி காவல் வைத்து, விசாரணைக்காக நியாயஸ்தலத்துக்கு ஒப்படைத்தார்கள். மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அக்காலத்து மினசோட்டாச் சட்டப்படி மரண தண்டனையிலிருந்து தப்பி, ஆயுள் தண்டனை பெற்று ஸ்டில்வாட்டர் சிறைக்குச் சென்றார்கள். பாப் சிறையிலேயே க்ஷயரோகத்தால் 1889-இல் இறந்தான். மற்ற இருவரும் 1901-இல் நிபந்தனையின்பேரில் விடுதலை பெற்றார்கள்.

சற்று முன்வரையில் தங்களைச் சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் காயம் கழுவிய அந்த மனிதர்கள், எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்டாமலே தற்காப்புச் சட்டத்தின் முழுச் சாரத்தையும் நடத்திக் காட்டிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். அபாயம் கண்ணெதிரே, அந்தக் கணத்திலேயே இருக்க வேண்டும். அதைத் தடுக்க வேறு வழி இல்லாதிருக்க வேண்டும். தடுக்கும் பலம் தாக்கும் பலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒருங்கே நிற்கும் வரையில் சுடுகிறவன் பாதுகாவலன். அவற்றில் ஒன்று விலகிய மறுகணம், விரல் அதே விரலாகவும் துப்பாக்கி அதே துப்பாக்கியாகவும் இருந்தாலும், செய்யும் காரியம் பழிவாங்கலாக, ஏன், கொலையாகவே மாறிவிடுகிறது.

இந்த எல்லையை வரையறுப்பதற்கு அமெரிக்க நியாயஸ்தலங்கள் நெடுங்காலமாகப் பாடுபட்டு வந்திருக்கின்றன. விலகிப் போக முடியுமானால் விலகிப் போ, முதுகு சுவரில் முட்டிய பிறகே கையை ஓங்கு என்பது இங்கிலாந்திலிருந்து அவர்கள் கொண்டுவந்த பழைய நெறி. ஆனால் தன் வீட்டில் இருப்பவன் எங்கே விலகிப் போவான் என்ற நியாயத்தால், வீட்டுக்கு மட்டும் அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. 1895-இல் பியர்டு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை வீட்டைச் சுற்றியுள்ள சொந்த நிலத்துக்கும் விரித்தது. 1921-இல் பிரௌன் என்பவரின் வழக்கில், ஓங்கிய கத்திக்கு முன்னே நிற்பவனிடம் நிதானமான ஆலோசனையை எதிர்பார்க்க இயலாது என்று நீதிபதி ஹோம்ஸ் கருத்துரைத்தார். அது மனித சுபாவத்தை நன்றாக அறிந்த வாக்கு. 2005-இல் ஃப்ளோரிடா மாகாணம், தெரு முதலாக ஒருவன் நியாயமாக நிற்கக்கூடிய எந்த இடத்திலும் பின்வாங்கும் கடமை இல்லை என்று சட்டம் செய்தது. அதைப் பின்பற்றிப் பல மாகாணங்கள் அவ்வாறே செய்தன. வீட்டுக்காக ஏற்பட்ட விலக்கு தெருவுக்கு வந்தபோது, வாய்ச்சண்டையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்ற கவலையும் கூடவே வந்தது.

அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791-இல் அங்கீகாரம் பெற்ற இரண்டாவது திருத்தம் தனி மனிதனுக்கு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறதா என்ற நெடுநாள் வழக்கும் 2008 ஜூன் 26-இல் ஒருவாறு தீர்ந்தது. தலைநகரான வாஷிங்டனில் வீட்டில் கைத்துப்பாக்கி வைப்பதற்கு இருந்த தடையை ஹெல்லர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் செல்லாதென்றார்கள், நால்வர் மறுத்தார்கள். வீட்டில் தற்காப்புக்காக ஆயுதம் வைத்திருப்பது உரிமையே என்று சொன்ன அதே தீர்ப்பு, அந்த உரிமை எல்லையற்றது அல்லவென்றும் சொல்லியிருக்கிறது.

இவ்வுரிமையால் உண்மையில் எத்தனை உயிர்கள் காக்கப்படுகின்றன என்று கேட்டால், விடைகளுக்கு இடையே கடலளவு வேற்றுமை இருக்கிறது. கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் தொலைபேசி மூலம் ஏறக்குறைய 5,000 பேரை விசாரித்து, ஆண்டுக்கு 25 லட்சம் முறை வரையில் துப்பாக்கி தற்காப்புக்குப் பயன்படுவதாக 1995-இல் எழுதினார்கள். குற்றங்களுக்கு இரையானவர்களைப் பற்றி அரசாங்கம் நடத்தும் ஆய்வோ ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ கணக்குக் காட்டுகிறது. முதல் முறையில், அபூர்வமான சம்பவத்தை ஆயிரத்தில் சிலர் தவறுதலாகவோ பெருமைக்காகவோ சொன்னால்கூட நாட்டுக் கணக்கில் அது லட்சங்களாகப் பெருகிவிடும். இரண்டாம் முறையில், தமக்கு எதிராகக் குற்றம் நடந்ததென்று முதலில் சொன்னவர்களிடம் மட்டுமே கேள்வி கேட்பதால் சில சம்பவங்கள் விட்டுப்போகும். சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு ஒன்று உண்டு, அது துயரமானது. 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர்கள் ஏறக்குறைய 48,800 பேர். அவர்களில் 26,300-க்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். திருடனுக்காக மேஜை இழுப்பறையில் வைத்த ஆயுதம், திருடன் வராத நெடுங்காலமெல்லாம் வீட்டாரின் சோர்வுக்கும் கோபத்துக்கும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது.

நார்த்ஃபீல்டின் வரலாற்றிலும் இந்த எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. யங்கர் சகோதரர்களை வைத்திருந்த ஃபேரிபோ ஊர்ச் சிறையில் காவலுக்கு நின்ற ஒருவர், அணுகி வந்த ஊர்க் காவலர் ஒருவரை எதிரியென்று எண்ணிச் சுட்டுக் கொன்றார். அபாயம் கடந்த பின்னும் கையைவிட்டு இறங்காத துப்பாக்கி யாரைத் தேடும் என்பதற்கு அந்தக் காவலரின் சாவே சாட்சி.

ஆயினும், அபாயத்தின் முன் கைகட்டி நிற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிராணனைக் காத்துக்கொள்வது இயற்கை தந்த உரிமை. அயலானுடைய பிராணனைக் காப்பது அதனினும் மேலான கடமை. அந்த உரிமைக்கு உயிர் கொடுப்பது அதன் எல்லை என்பதே என் உறுதியான நம்பிக்கை. அந்தப் பழைய பாங்குக் கட்டடம் இன்று காட்சிச்சாலையாக நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் ஊரார் கூடிக் கொள்ளைக்காரர்கள் தோற்ற நாளைக் கொண்டாடுகிறார்கள். அங்கே போகிறவர்கள் ஹேவுட் நின்ற இடத்தைக் கண்டு தலை வணங்கட்டும். அதன் பிறகு அந்த மாடி ஜன்னலையும் நினைக்கட்டும். அங்கிருந்து சுட்ட இளைஞர் கார்பைனைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பை முடித்து, வட டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் நெடுங்காலம் வைத்தியராக இருந்தார். சுட வேண்டியிருந்த நிமிஷங்கள் ஏழு. மிச்ச ஆயுள் முழுவதும் அவர் கைக்கு வேறு வேலை இருந்தது.