படைவீரர் விட்டுச்சென்ற கைத்துப்பாக்கி

ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் இறந்தபின் அவருடைய பிஸ்டல் அல்லது ரிவால்வர் வாரிசுகள் கைக்கு வருவதுண்டு. நிலம், நகை போல இதைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஆகியவற்றின்படி உரிமம் பெற்றவரே இதை வைத்திருக்கலாம். உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தடை செய்யப்பட்ட வகை என்றால் தண்டனை இன்னும் கடுமையானது.

முதல் நடவடிக்கை

தோட்டா உள்ளே இருப்பதாகவே கருத வேண்டும். விசையைத் தொடுவதோ சுட்டுப் பார்ப்பதோ கூடாது. உரிமதாரர் இறந்ததும் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ தாமதமின்றி ஒப்படைத்து இரசீது பெற வேண்டும். எடுத்துச் செல்லுமுன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது நல்லது. ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது. வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்றபின் திரும்பப் பெறலாம். உரிய காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால் அரசு பறிமுதல் செய்யலாம்.

அடையாளம் காணல்

தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குழல்துளை விட்டம் (போர்), சோதனை முத்திரைகள் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். பழைய படைவீரர் வீடுகளில் காணக்கூடிய சில வகைகள்:

• வெப்லி மார்க் 6: .455 போர் ரிவால்வர், 1915 முதல் பிரிட்டிஷ் படையில் இருந்தது.
• என்ஃபீல்டு எண் 2: .38 போர் ரிவால்வர், 1930களில் வந்தது.
• பிரௌனிங் ஹை பவர்: 9 மி.மீ. பிஸ்டல். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் தயாரித்தது. பின்னர் இசாப்பூரிலும் உருவானது.
• வெப்லி அண்டு ஸ்காட் .32 பிஸ்டல்: தனியாரும் வாங்கியது.

அகன்ற அம்புக்குறி முத்திரை, ஆயுதம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அரசின் உடைமையாக இருந்ததைக் காட்டும். படையில் வழங்கப்பட்ட ஆயுதம் அரசுக்கே சொந்தம்; முறையாக விற்கப்பட்டதற்கான ஆவணம் இருந்தால்தான் அது குடும்பச் சொத்து.

உரிம மாற்றம்

.32 போன்ற அனுமதிக்கப்பட்ட வகைகளுக்கு கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை தேவை. விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாரிசுரிமையாக வருவதையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. .38, .455, 9 மி.மீ. படைத் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகை. அவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

மதிப்பு

வெளிநாட்டு இணையதளங்களில் காணும் விலை இங்கே பொருந்தாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், உரிமத்துடன் கூடிய பழைய வெளிநாட்டு .32 கைத்துப்பாக்கிக்கு இங்கே கிராக்கி அதிகம். வரலாற்றுப் புகழ் மிக்க .455 வெப்லிக்கோ, அதை வைத்திருக்கத் தகுதி பெற்றவர் குறைவு என்பதால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. ஆக, மதிப்பை முதலில் தீர்மானிப்பது உரிமம், அடுத்தது போர். வயதும் பெயரும் அதன் பிறகே. துருவைத் தேய்த்து மெருகேற்றினால் முத்திரைகள் அழிந்து மதிப்பு குறையும். வரிசை எண்ணை அழிப்பது குற்றம். விற்பதானால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள்கள் காத்திருக்க வேண்டும்.

பொதுவான தவறுகள்

நூறு ஆண்டு கடந்தால் உரிமம் தேவையில்லை என்பது தவறு. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கே 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. 1916இல் செய்த வெப்லி இன்றும் சுடுமானால் அது துப்பாக்கிதான்.

ஓசூர்வாசிகள் செய்யக்கூடிய இன்னொரு தவறு, விலை கேட்பதற்காக அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருவுக்கு எடுத்துச் செல்வது. உரிமம் செல்லும் எல்லை அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மாநில எல்லையைக் கடக்க அதில் அனுமதி இருக்க வேண்டும். எண், முத்திரை ஆகியவற்றின் படங்களையும் உரிம நகலையும் காட்டியே விற்பனையாளரிடம் கருத்துக் கேட்கலாம்.

பயந்து கிணற்றில் வீசுவதும் பரணில் ஒளிப்பதும் தீர்வல்ல. முறையாகப் பெற்ற இரசீது ஒன்றே தந்தையின் நினைவுப் பொருளையும் குடும்பத்தையும் காக்கும்.