கண்மாய்த் தண்ணீர் யாருக்கு எவ்வளவு?



நம்ம பக்கம் வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. அர்ச்சுனா நதியில் மழை பெய்தால்தான் தண்ணீர். மழை கம்மி, வெயில் ஜாஸ்தி என்பதால்தான் இங்கே பட்டாசும் தீப்பெட்டியும் வளர்ந்தன. அப்படியிருந்தும் நம் மாவட்டத்தில் நெல் விளைகிறதே, எப்படி? ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கி, அதைப் பங்கு வைத்துத்தான்.

முதலில் ஊருக்கும் ஊருக்கும் உள்ள பங்கு. வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று 2 அணைகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் 40 கண்மாய்களுக்குப் போகிறது. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து கீழ் கண்மாய்க்குப் போகும். கலுங்கின் உயரம்தான் இரண்டு ஊருக்கும் உள்ள ஒப்பந்தம் மாதிரி. யாராவது ராத்திரியில் அதன்மேல் மண் மூட்டை அடுக்கினால் மேல் ஊருக்குத் தண்ணி கூடும், கீழ் ஊருக்கு அத்தனையும் நஷ்டம். கரையும் உடையலாம். சண்டை வராமல் என்ன செய்யும்?

அடுத்து ஊருக்குள்ளே. ஒரு கண்மாயில் பாயும் நிலம் முழுவதுக்கும் ஆயக்கட்டு என்று பெயர். மடைக்குப் பக்கத்து வயல் தலைமடை, கடைசியில் இருப்பது கடைமடை. அவங்கவங்களே மடையைத் திறந்தால் தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும், கடைமடை காய்ந்து கிடக்கும். அதனால் மடை திறக்கும் உரிமையை நிலக்காரர் யாருக்கும் கொடுக்காமல் நீர்பாய்ச்சி என்று ஒருவரை வைத்தார்கள். சில ஊரில் மடைக்குடும்பன் என்பார்கள். இந்த விவரமெல்லாம் எங்க தாத்தா சொன்னது. அவர் வயல் கடைமடை.

நீர்பாய்ச்சிக்கு மாசச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்திலேயே ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் அளப்பார்கள். கடைமடை காய்ந்தால் அவருக்கும் நெல் குறையும். ஆகவே அவரே ராத்திரி பகலாக வாய்க்காலில் நடந்து கடைசி வயல்வரை தண்ணி கட்டுவார். நல்ல ஏற்பாடு! ஆனால் ஒன்று. பெரும்பாலும் இந்த வேலை செய்தவர்கள் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்தினர். எல்லார் வயலுக்கும் தண்ணி கட்டியவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கி.பி. 921-ல் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றி இருப்பதைப் பாடத்தில் படித்தோம். குடவோலையில் 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயும் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலம் உள்ளவர் பேர்தான் குடத்தில் விழும்.

கண்மாய் நிறைந்த வருஷம் பிரச்சினையே இல்லை. பாதிதான் நிறைந்தது என்றால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள், இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு அந்த மடை என்று. அதற்கும் குறைந்தால் சில ஊர்களில் கூட்டம் போட்டு எல்லாரும் பாதி நிலத்தில் மட்டும் நடுவது என்று முடிவு செய்வார்கள். 4 ஏக்கர்காரர் 2 ஏக்கர் நடுவார், 1 ஏக்கர்காரர் அரை ஏக்கர். கணக்கு சரிதான். ஆனால் அரை ஏக்கர் நெல் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கே காணாது!

இந்த முறையை மாற்றியது கிணறும் மோட்டாரும். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். கிணறு உள்ளவர் கூட்டத்துக்கு வருவதில்லை, வரத்துக்கால் வெட்டவும் ஆள் அனுப்புவதில்லை. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைந்து போகிறது. கண்மாயில் நிற்கும் தண்ணி ஊறித்தான் சுற்றியுள்ள கிணறுகளிலும் தண்ணி இருக்கிறது, அதை யோசிப்பதில்லை.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2000-ல் ஒரு சட்டம் போட்டு, விவசாயிகளே ஓட்டுப் போட்டு நடத்தும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் கொண்டு வந்தார்கள். 2017-ல் குடிமராமத்துத் திட்டத்தில் கண்மாய்களைத் தூர் வாரினார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியவை நீர்வளத்துறையின் பொறுப்பு.

தாத்தா ஊரில் இப்போது நீர்பாய்ச்சி இல்லை. அவர் பிள்ளைகள் பட்டாசு வேலைக்கு வந்துவிட்டார்கள். மடையை அவரவரே திறக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணி வந்து சேருவதில்லை என்று தாத்தா நெல்லை விட்டுவிட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறார்.