நாலு விநாடியில் ஐந்து குண்டு! ரிவால்வரா, பிஸ்டலா?

வலது கையில் பிடித்திருந்த எறிகுண்டு வெடித்தது. கை சிதைந்து போயிற்று!

இது நடந்தது 1938-ம் ஆண்டு, ஹங்கேரி நாட்டு ராணுவப் பயிற்சியில். கையைப் பறிகொடுத்தவர் கரோலி டகாச். குறி பார்த்துச் சுடுவதில் சூரர். சுடுகிற கையே போய்விட்டதே, இனி என்ன செய்வார்?

டகாச் சோர்ந்து படுத்துவிடவில்லை. யாருக்கும் சொல்லாமல் இடது கையால் சுடப் பழகினார். மறு ஆண்டே தேசியப் போட்டிக்கு வந்து நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று மற்ற வீரர்கள் நினைத்தார்களாம். வெற்றி அவருக்கே கிடைத்தது!

பிறகு உலகப் போர் மூண்டது. இரண்டு முறை ஒலிம்பிக் பந்தயமே நடக்கவில்லை. 1948-ல் லண்டனில் நடந்தபோது டகாச்சுக்கு வயது 38. 600-க்கு 580 புள்ளிகள் எடுத்து, உலக சாதனையோடு தங்கப் பதக்கம் வாங்கினார். 1952-ல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்!

கண் மூடித் திறப்பதற்குள்...

அவர் வென்றது "அதிவேகப் பிஸ்டல்" போட்டி. 25 மீட்டர் தூரத்தில் வரிசையாக 5 இலக்குகள் இருக்கும். வீரர் கையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். சைகை கிடைத்ததும் கையை உயர்த்தி, இலக்குக்கு ஒரு குண்டு வீதம் சுட வேண்டும். முதலில் 8 விநாடி கொடுப்பார்கள். பிறகு 6. கடைசியில் 4 விநாடிதான்! அதுவும் ஒரே கையால்.

இன்று இந்தப் போட்டியில் சுடுவது பாயிண்ட் 22 தோட்டா. அமெரிக்காவில் 1887-ல் பிறந்தது. பெரிய தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் இருக்கும். இதில் அடி விளிம்பைச் சுற்றி இருக்கிறது. விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். இந்தத் தோட்டாவை ரிவால்வரிலும் போடலாம், பிஸ்டலிலும் போடலாம்.

எது தோது?

ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளையில் இருக்கின்றன. அந்த உருளையைச் சுற்ற வைப்பது சுடுகிறவரின் விரல்தான். விசையை இழுத்தே சுற்றலாம். ஆனால் அந்த இழுப்பு கடினம், கை ஆடிவிடும். கட்டை விரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்து வைத்தால் விசை இலேசாகிவிடும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் அப்படிச் செய்தால் பிடி தளரும். நாலு விநாடியில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

பிஸ்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. குண்டை முன்னால் தள்ளும் வாயுவின் அழுத்தமே துப்பாக்கியின் பூட்டைப் பின்னால் தள்ளுகிறது. வெறும் கூடு வெளியே தெறிக்கிறது. சுருள்வில் பூட்டை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்கிறது. விரலுக்கு விசையை இழுப்பது ஒன்றுதான் வேலை. 2012-ல், டகாச் வென்ற அதே லண்டன் மாநகரில், இந்தியாவின் விஜய் குமார் இப்படிப்பட்ட பிஸ்டலால் இந்தப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

அப்படியானால் ரிவால்வரைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்!

விளிம்புத் தோட்டா சில சமயம் வெடிக்காமல் ஏமாற்றும். ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலிலோ வெடிக்காத தோட்டா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பூட்டைக் கையால் இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். தோட்டாவில் வேகம் குறைந்தாலும் பிஸ்டல் சிக்கிக்கொள்ளும்; ரிவால்வர் சிக்காது.

ஒளிந்திருக்கும் தோட்டா

புதிதாகப் பழகுகிறவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ரிவால்வரின் உருளையைத் திறந்தால் எல்லாத் துளைகளும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா, இல்லையா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

பிஸ்டல் அப்படி அல்ல. தோட்டா அடுக்கிய கூட்டை உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று தோன்றும். ஆனால் குழலின் அடியில் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும்! காலி என்று நம்பி விசையைத் தொட்டால், எதிரே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

இதனால்தான் பெரிய போட்டிகளில் சுடாத நேரத்தில் பூட்டைத் திறந்து, தோட்டா ஏறும் இடத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு சின்னக் கொடியைச் சொருகி வைக்கச் சொல்கிறார்கள். உலக சாம்பியனாக இருந்தாலும் கொடி இல்லாமல் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் போக முடியாது.