சாரதியில்லாத வண்டி

வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் எருதுகள் வீட்டுக்கு வரும் வழியை மறப்பதில்லை. ஸ்கந்தபுரத்து உழவர் அறிந்த உண்மை இது. சாரதியின்றி ஓடும் காரும் அத்தகையதோ?

அமெரிக்க எழுத்தாளர் ஐசாக் அசிமோவ் 1953இல் வெளியிட்ட ‘சாலி’ என்னும் விஞ்ஞானச் சிறுகதையில், ஓய்வுபெற்ற 51 தானியங்கிக் கார்களை முதியவர் ஒருவர் பிள்ளைகளைப்போல் பேணுகிறார். அவற்றின் இயந்திர மூளைகளைக் கவர வந்த கயவனைத் தானியங்கிப் பேருந்தொன்று கொன்றுவிடுகிறது. அன்றுமுதல் முதியவர் தம் ‘பிள்ளைகளு’க்கே அஞ்சுகிறார்.

2018 மார்ச்சில் அரிசோனா மாநிலத்தில், பரிசோதனைக்காகத் தானே ஓடிய காரொன்று வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. அதற்குச் சினமில்லை, எதிர்ப்பட்டது மனித உயிர் என்பதை உரிய வேளையில் உணரவில்லை. 2020இல், உள்ளே கண்காணிப்புக்கு அமர்ந்திருந்தவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது.

எருது தடுமாறினால் வண்டிக்காரனைக் கேட்போம். சாரதியில்லாத கார் தடுமாறினால் யாரைக் கேட்பது? மாணவர்களே, வண்டி எதுவாயினும் அதற்குப் பொறுப்பேற்க மனிதன் ஒருவன் வேண்டுமன்றோ!