வீட்டை இழுத்துக்கொண்டு ஓராண்டு

ஆலயக் கதவுகளும் அடைபட்டிருந்த 2020-ஆம் ஆண்டின் தவக்காலத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 27-ஆம் நாள் மாலையில், மழையில் நனைந்து வெறுமையாய்க் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நற்கருணை ஆசீர் வழங்கியதை இல்லங்களிலிருந்தவாறே கண்டோம். அந்நாட்களில் அமெரிக்க நாட்டுக் குடும்பங்கள் பலவற்றிற்கு ஓர் எண்ணம் உதித்தது. வீட்டை விட்டு வெளியே தங்கலாகாது என்றால், வீட்டையே உடன் இழுத்துச் சென்றால் என்ன?

‘டிரெய்லர்’ எனப்படும் இழுவை வீடு அந்நாட்டில் புதியதன்று. காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் அச்சிறு வீட்டில் கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிவறை யாவும் உண்டு. கூண்டு வண்டியில் பாயும் பானையும் அரிசி மூட்டையும் ஏற்றி வேளாங்கண்ணிக்குப் புறப்பட்ட நம் பாட்டன்மாருக்கு இதனை விளக்கவே தேவையிருந்திராது. 1919-லேயே புளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரில் இத்தகைய பயணிகள் கூடித் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். ‘தகர டப்பாப் பயணிகள்’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டிக்கொண்டனர். எனினும் கொரோனாக் காலத்தில் எழுந்த வேட்கை முன்பு காணாதது. பயண வீடுகளும் இழுவை வீடுகளுமாக 2021-ஆம் ஆண்டில் மட்டும் 6 இலட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின.

வண்டி வந்து சேர்ந்ததும் குடும்பம் வரைபடத்தை விரித்து வைத்து அமர்கிறது. குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனம். இளவேனிலில் யூட்டாவின் செம்பாறைகள். கோடையில் மொன்டானாவின் பனிமலைகள். இலையுதிர் காலத்தில் வடகிழக்கு மாநிலங்களின் செந்நிற வனங்கள். பறவைகளைப் போலப் பருவத்தைத் தொடர்ந்து செல்லும் திட்டம் இது. கேட்க இனிமையாயிருப்பினும் செய்வது எளிதன்று. அரசுப் பூங்காக்கள் பலவற்றில் தங்குமிடத்தை ஆறு மாதம் முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்திற்குப் பின் எவ்வூர் திறந்திருக்கும், எவ்வெல்லை மூடியிருக்கும் என்பதை அன்று யார் அறிவார்? கனடா எல்லை 2020 மார்ச்சில் அடைக்கப்பட்டது. அமெரிக்கப் பயணிகளுக்கு அது மீண்டும் திறந்தது 2021 ஆகஸ்டு 9-ஆம் நாள்தான். ஆகவே திட்டத்தை மையால் எழுதாமல் பென்சிலால் எழுதக் குடும்பத் தலைவர்கள் கற்றுக்கொண்டனர்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி எங்கே என்பதும் அத்திட்டத்தில் ஒரு கேள்விக்குறியே. 1907-ஆம் ஆண்டில், குருக்களற்ற சிற்றூர்களைத் தேடி ‘புனித அந்தோனியார்’ என்னும் ஆலய இரயில் பெட்டியை அமெரிக்கத் திருச்சபை ஓடவிட்டது. பீடமும் இருக்கைகளும் அப்பெட்டிக்குள்ளேயே இருந்தன. அன்று சக்கரத்தின்மேல் ஆலயம் மக்களைத் தேடிச் சென்றது. 2020-இலோ சக்கரத்தின்மேல் சென்ற மக்கள் ஆலயத்தைத் தேடினர். ஆயர்கள் ஞாயிறு கடனிலிருந்து விலக்களித்திருந்தனர். கோவில்கள் திறந்த பின்னரும் பல பங்குகளில் இடத்தை முன்பதிவு செய்தோரே உள்ளே அமர இயன்றது; வழிப்போக்கர் கார் நிறுத்தும் திடலில் நடந்த திருப்பலியில் வண்டிக்குள் இருந்தவாறே பங்கேற்றதும் உண்டு.

இவற்றையெல்லாம் கணக்கிட்ட குடும்பங்கள் ஒன்றை மறந்தன என்றே நாம் எண்ணுகிறோம். ‘எங்கள் கட்டில், எங்கள் அடுப்பு, எங்கள் கழிவறை; எவரையும் தொடாமல் செல்கிறோம்’ என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மையே. விடுதியில் தங்குவோரைவிட அவர்கள் கவனமாக இருந்தனர் என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் டிரெய்லருக்குப் பெட்ரோல் வேண்டும், ரொட்டி வேண்டும், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடமும் வேண்டும். காய்ச்சல் கண்டால் மருத்துவமனை வேண்டும். யூட்டாவின் செம்பாறைகளைக் காண வருவோர் தங்கும் மோவாப் என்னும் ஊரில் உள்ள மருத்துவமனையில் 17 படுக்கைகளே உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. விருந்தினரை அனுப்ப வேண்டாம் என்று அம்மருத்துவமனையே 2020 மார்ச்சில் மாநில ஆளுநரிடம் முறையிட்டது. வெளியூரார்க்கு விடுதிகளும் முகாம்களும் மூடப்பட்டன. விருந்தினரால் பிழைக்கும் ஊர் விருந்தினரைத் தடுத்தது என்றால், அதன் அச்சம் எத்துணைப் பெரிது!

அங்கிருந்து தெற்கே சென்றால் நாவஹோ பழங்குடியினரின் நாடு. இழுவை வீடு தன் தொட்டியில் 150 லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு அச்சாலையில் செல்லும். சாலையோரத்து நாவஹோ இல்லங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் குழாய் நீர் இல்லை. ‘கைகளைக் கழுவுங்கள்’ என்ற அறிவுரையை அவ்வில்லத்துத் தாய் எவ்வாறு நிறைவேற்றுவாள்? 2020 மே மாதத்தில், மக்கள் தொகையை ஒப்பிட்டால், நியூயார்க்கையும் விஞ்சி அங்கே நோய் பரவியிருந்தது.

பயணியோடு நோயும் பயணம் செய்யும் என்பதை அம்மக்கள் வரலாற்றினால் அறிந்தவர்கள். அமெரிக்கப் பூர்வகுடியிலிருந்து புனிதராய் உயர்த்தப்பெற்ற கத்தேரி தெக்கக்விதா, தம் நான்காம் வயதில் பெரியம்மையால் பெற்றோரையும் தம்பியையும் இழந்தார். கடல் கடந்து வந்த ஐரோப்பியரே அந்நோயை அக்கண்டத்திற்குக் கொணர்ந்தனர். அது அவர் முகத்தில் வடுவையும் கண்களில் மங்கலையும் விட்டுச் சென்றது. 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதரென அறிவித்தார்.

கோடைத் திட்டத்தில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவைக் குறித்து வைத்தோருக்கும் இவ்வாறே ஒரு தடை நேர்ந்தது. பூங்காவின் நடுவே மலையேறும் சாலையின் உயர்ந்த பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதியில்லை. இழுவை வீட்டுடன் கிழக்குப் பக்கம் தங்க வேண்டுமாயின், மலையைச் சுற்றி பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலத்தின் வழியே செல்ல வேண்டும். தம் முதியோரைக் காக்க அம்மக்கள் 2020 பருவம் முழுவதும் பூங்காவின் கிழக்கு வாயில்களை அடைத்தே வைத்தனர். பயணிகளின் பணமின்றி அவர்கள் கடைகள் அவ்வாண்டு வாடின. மேற்கு வாயில் ஜூன் மாதத்திலேயே திறந்துவிட்டதால், பென்சிலால் எழுதியவற்றை அழித்துவிட்டு மேற்கே திரும்பிய குடும்பங்கள் உண்டு; முணுமுணுத்தவர்களும் உண்டு.

2021 வசந்தத்தில் அவ்வாயில்களைத் திறக்க பிளாக்ஃபீட் மக்கள் முடிவு செய்தனர். அதற்குள் தங்கள் இனத்து வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோர்க்குத் தடுப்பூசி போட்டு முடித்திருந்தனர். மருந்து மிஞ்சியது. எல்லைக்கு அப்பால் கனடாவிலோ மக்கள் தடுப்பூசிக்காகக் காத்துக் கிடந்தனர். ஏப்ரல் மாத இறுதியில் பிளாக்ஃபீட் செவிலியர்கள் மருந்தை எடுத்துக்கொண்டு எல்லைச் சாவடிக்குச் சென்றனர். அப்பாலுள்ள தம் உறவின மக்களுக்கு மட்டுமின்றி, வந்து வரிசையில் நின்ற அயலாருக்கும், காரின் கண்ணாடி வழியே நீட்டிய கரங்களில், விலையின்றி ஊசி போட்டு அனுப்பினர்.