முத்திரையிட்ட எஞ்சின் பந்தய வகுப்பு

முத்திரையிட்ட எஞ்சின் வகுப்பு என்பது போட்டியாளர் அனைவரும் ஒரே வகை எஞ்சினைப் பயன்படுத்துவதோடு, அதனைத் தாமே திறந்து மாற்றியமைக்க இயலாதவாறு முத்திரையிடப்பட்டிருக்கும் தானுந்துப் பந்தய வகுப்பு ஆகும். தொழில்முறைப் பந்தயங்களிலும் இம்முறை உண்டு. எனினும், சொந்தப் பணத்தில் வார இறுதிகளில் ஓட்டும் பொழுதுபோக்கு ஓட்டுநர்களின் வட்டாரப் போட்டிகளிலேயே இது பெரிதும் வேரூன்றியுள்ளது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் கழகப் பந்தயங்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகுப்புகள் இயங்கும் முறையையும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கையில் கருத வேண்டியவற்றையும் விளக்குகின்றது.

தோன்றிய தேவை

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் உருவான இரு எஞ்சின்கள்கூட முற்றிலும் ஒத்தவை அல்ல. வார்ப்பிலும் கடைசலிலும் மிகச்சிறு அளவு வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது. தேர்ந்த பட்டறை வல்லுநர் ஒருவர் பிஸ்டன்களின் எடையைச் சமன்செய்து, வால்வு இருக்கைகளைத் துல்லியமாக அரைத்து, அமுக்க விகிதத்தை விதியின் மேல் எல்லை வரை உயர்த்தினால், விதியை மீறாமலேயே சில குதிரைத்திறன்களைக் கூட்டிவிடலாம். நூறு குதிரைத்திறன் அளவிலான காரில் இது சிறு தொகையன்று. நீண்ட நேர்பாதையின் முடிவில் முந்துவதற்கும் முந்தப்படுவதற்கும் அதுவே போதும். எனவே ஒருவர் செலவழித்தால் மற்றவரும் செலவழித்தாக வேண்டும். திறமை இருந்தும் பணம் இல்லாதவர் பின்தங்குகிறார், பின்னர் விலகுகிறார்.

ஸ்பெக் மியாட்டா வகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990 முதல் 2005 வரையிலான மஸ்டா மியாட்டா கார்கள் ஓடும் இவ்வகுப்பில் எஞ்சின் முத்திரையிடப்படுவதில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என விதிப்புத்தகம் மட்டுமே வரையறுக்கிறது. 2014 இல் லகூனா செகா தடத்தில் நடந்த தேசிய இறுதிப் போட்டிக்குப் பின், முன்னிலையில் முடித்த பலர், சிலிண்டர் ஹெட்டின் காற்றுப் பாதையில் செய்யப்பட்டிருந்த வேலை விதிக்கு ஒவ்வாதது எனத் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். எஞ்சினைப் பட்டறையில் விலைக்கு வாங்கி ஓட்டுபவர், அதன் உள்ளே என்ன செய்யப்பட்டுள்ளது என்பதை அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முத்திரையிடும் முறை

நம் வீட்டு மின்மானியில் மின்வாரியம் இடும் முத்திரையின் தத்துவமே இங்கும் பயன்படுகிறது. சிலிண்டர் ஹெட், எண்ணெய்த் தொட்டி, முன்மூடி ஆகியவற்றின் போல்ட்டுகளில் துளையிட்டு, அவற்றினூடே கம்பி செலுத்தி, எண் பொறித்த முத்திரையால் பூட்டுவர். கம்பியை அறுக்காமல் போல்ட்டைக் கழற்ற இயலாது. முத்திரை திறப்பதைத் தடுப்பதில்லை, திறந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. எண்ணெய், மெழுகுப்பொறி மாற்றுதல் போன்ற வெளிப் பராமரிப்பை உரிமையாளரே செய்யலாம். உள் பழுது என்றால் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே திறந்து மீண்டும் முத்திரையிட வேண்டும்.

ஸ்பெக் ரேசர் ஃபோர்டு

1944 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டுக் கார் கழகத்தின் வட்டாரக் கிளைகளில் நெடுங்காலமாக ஓடிவரும் வகுப்பு இது. உருக்குக் குழாய்ச் சட்டமும் கண்ணாடியிழை உடலும் கொண்ட திறந்த, ஒற்றை இருக்கை வண்டி. 1980களின் நடுப்பகுதியில் ரெனோ நிறுவனத்தின் 1.7 லிட்டர் எஞ்சினுடன் ‘ஸ்போர்ட்ஸ் ரெனோ’ என்ற பெயரில் அறிமுகமானது. ரெனோவின் பங்காளியான அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தை 1987 இல் கிறைஸ்லர் வாங்கியதை அடுத்து, ரெனோ அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது. வகுப்பு அனாதையாகும் நிலை ஏற்பட்டது. கழகத்தின் துணை நிறுவனம் பொறுப்பேற்று, அதே சட்டத்தில் ஃபோர்டின் 1.9 லிட்டர் எஞ்சினைப் பொருத்தும் வழியைக் கண்டது, பெயரும் மாறியது. 2010களில் மூன்றாம் தலைமுறையாக, ஏறத்தாழ 135 குதிரைத்திறன் தரும் ஃபோர்டு 1.6 லிட்டர் எஞ்சின் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய சட்டங்கள் குப்பைக்குப் போகவில்லை. உரிமையாளர்கள் எஞ்சின் மாற்றத்திற்கான தொகுப்பை வாங்கித் தொடர்ந்து ஓடினர். ஆனால் அச்செலவை அவர்களே ஏற்க வேண்டியிருந்தது.

இவ்வகுப்பில் எஞ்சின் மட்டுமன்றிப் பற்சக்கரப் பெட்டியும் முத்திரையிடப்படுகிறது. சக்கரக் கோணங்கள், டயர் காற்றழுத்தம் போன்றவையே ஓட்டுநரின் கைக்கு எஞ்சுபவை.

பிற வகுப்புகள்

1992 இல் சார்லட் தடத்தைச் சார்ந்து உருவான லெஜண்ட்ஸ் கார்கள், 1930களின் கார்களை ஐந்தில் எட்டு பங்கு என்றல்ல, எட்டில் ஐந்து பங்கு அளவில் நினைவூட்டும் சிறு வண்டிகள். இவற்றில் முத்திரையிட்ட யமஹா மோட்டார் சைக்கிள் எஞ்சின் பயன்படுகிறது. அமெரிக்க மண் தடங்களில் ஜெனரல் மோட்டார்ஸின் 602, 604 ஆகிய எஞ்சின்கள் முத்திரையுடன் பெட்டியில் வருகின்றன. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் மாக்ஸ் 125 கன செ.மீ. கார்ட் எஞ்சினுக்கு, முத்திரை எண் குறித்த அடையாள அட்டையும் உண்டு. இந்தியாவிலும் தேசியக் கார்ட் போட்டிகளில் இவ்வகுப்பு நடத்தப்பட்டுள்ளது.

குறைகள்

முத்திரையே போலியாக்கப்படலாம். மண் தடங்களில் போலி முத்திரை போல்ட்டுகள் புழங்கியதால், போட்டி அமைப்புகள் சில எண்ணிட்ட தம் சொந்த முத்திரைகளை இடலாயின. மேலும், முத்திரை உற்பத்தி வேறுபாட்டை நீக்குவதில்லை. வசதியுள்ளவர் பல எஞ்சின்களை வாங்கி, திறன்மானியில் சோதித்து, சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடலாம். இதை எந்த முத்திரையாலும் தடுக்க இயலாது.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பொதுவாக வேகத்தையும் காரின் விலையையும் முதலில் ஒப்பிடுகின்றனர். இது பிழையான தொடக்கம். முதலில் பார்க்க வேண்டியது, தம் வட்டாரத்தில் அவ்வகுப்பில் எத்தனை கார்கள் உண்மையில் ஓடுகின்றன என்பதே. தாளில் சிறந்த வகுப்பாயினும், மூன்று கார்கள் மட்டுமே வந்தால் அங்கு பந்தயம் இல்லை. கற்றுக்கொள்ள எதிராளியும் இல்லை. கடந்த சில பருவங்களின் முடிவுப் பட்டியல்கள் இதனை விளம்பரங்களைவிடத் தெளிவாகக் காட்டும்.

அடுத்த வினா, முத்திரை யார் கையில் உள்ளது என்பது. முத்திரையிட்ட வகுப்பில் உரிமையாளர் பல பட்டறைகளை நம்பும் நிலையிலிருந்து விடுபட்டு, ஒரே ஓர் அமைப்பை நம்பும் நிலைக்கு வருகிறார். எஞ்சின் பழுதானால் மாற்று எஞ்சின் எவ்வளவு விலை, எத்தனை வாரங்களில் கிடைக்கும், அங்கீகரிக்கப்பட்ட பட்டறை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பவற்றை வாங்கும் முன்பே கேட்டறிதல் வேண்டும். முத்திரையற்ற வகுப்பில் அண்டை ஊர்ப் பட்டறையில் இரண்டே நாளில் முடியும் வேலை, இங்கு எஞ்சினைச் சரக்கு வண்டியில் ஏற்றியனுப்பும் வேலையாகலாம். அந்த எஞ்சின் இன்னும் உற்பத்தியில் உள்ளதா என்பதும் முக்கியம்; ரெனோவின் கதை மீண்டும் நிகழக்கூடியதே.

பழைய கார் வாங்குபவர், முத்திரை எண்கள் பதிவேட்டுடன் பொருந்துகின்றனவா என்று பணம் கொடுக்குமுன் சரிபார்த்தல் வேண்டும். முத்திரை அறுந்த எஞ்சின், எவ்வளவு நன்றாக ஓடினாலும், அவ்வகுப்பில் வெறும் இரும்பே.

இறுதியாக ஒருவரது மனப்பாங்கும் உண்டு. எஞ்சினைப் பிரித்து மாட்டுவதிலேயே இன்பம் காண்பவருக்கு முத்திரையிட்ட வகுப்பு சலிப்பூட்டும். பொறியியல் மாணவர்கள் பலர் இந்த இரகத்தினர். அவர்களுக்கு ஸ்பெக் மியாட்டா போன்ற திறந்த விதிகளே பொருந்தும். தோல்விக்கு எஞ்சினைக் காரணம் காட்டும் வாய்ப்பு தமக்கு வேண்டாம் என்பவர் முத்திரையின் பக்கம் செல்லலாம்.