மூக்கு எலும்புக்கட்டி

மூக்கு எலும்புக்கட்டி அல்லது நாசி ஆஸ்டியோமா என்பது மூக்கறையிலும் அதைச் சூழ்ந்துள்ள சைனஸ் எனப்படும் காற்றறைகளிலும் தோன்றும் தீங்கற்ற கட்டி ஆகும். இது முதிர்ந்த எலும்பு இழையத்தால் ஆனது. மிக மெதுவாக வளர்வது. இது பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. காற்றறைகளில் காணப்படும் தீங்கற்ற கட்டிகளுள் இதுவே மிகுதியானது எனினும், மூக்கறையின் உள்ளேயே தோன்றுவது மிக அரிது. கண்குழியும் மூளையும் அருகில் இருப்பதால், கட்டி அமைந்துள்ள இடமே பாதிப்பின் அளவைத் தீர்மானிக்கிறது.

அமைவிடமும் வகைகளும்

பெரும்பாலும் நெற்றி எலும்பின் காற்றறையில் இது உருவாகிறது. அடுத்ததாக, கண்களுக்கு இடையே உள்ள சல்லடை எலும்பின் அறைகளில் காணப்படும். இழைய அமைப்பைக் கொண்டு இது மூன்றாக வகைப்படுத்தப்படுகிறது.

* தந்த வகை: யானைத் தந்தம் போன்று செறிந்த, கடினமான எலும்பு.
* பஞ்சு வகை: இடைவெளிகளில் மச்சை கொண்ட மென்மையான எலும்பு.
* கலப்பு வகை: மேற்கூறிய இரண்டும் கலந்தது.

காரணங்கள்

திட்டவட்டமான காரணம் அறியப்படவில்லை. கருவளர்ச்சியின்போது இருவேறு வகையில் உருவாகும் எலும்புகள் சந்திக்கும் இடத்தில் ஏற்படும் பிறழ்வு, பழைய காயம், நாட்பட்ட தொற்று ஆகிய மூன்றும் கருதுகோள்களாக முன்வைக்கப்படுகின்றன.

கார்ட்னர் கூட்டறிகுறி

ஒருவருக்கு மண்டையோட்டிலும் தாடையிலும் பல எலும்புக்கட்டிகள் காணப்பட்டால் கார்ட்னர் கூட்டறிகுறி ஐயுறப்படும். அமெரிக்க மரபியலாளர் எல்டன் கார்ட்னர் 1950களில் விவரித்த இந்நோய், 5ஆம் நிறப்புரியிலுள்ள ஏ.பி.சி. மரபணுவின் திரிபால் உண்டாகிறது. இதில் பெருங்குடலில் ஏராளமான சதைமுளைகள் தோன்றும். சிகிச்சையளிக்காவிடில் அவை ஏறத்தாழ உறுதியாகப் புற்றுநோயாக மாறும். எலும்புக்கட்டிகள் இச்சதைமுளைகளுக்கு முன்னரே தோன்றக்கூடும் என்பதால், தீங்கற்ற இக்கட்டியே உயிர்காக்கும் முன்னெச்சரிக்கையாக அமையலாம். எனவே இத்தகையோருக்குப் பெருங்குடல் அகநோக்கிச் சோதனை அவசியமாகிறது.

அறிகுறிகள்

பெரும்பாலானோருக்கு அறிகுறி எதுவும் இராது. வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படத்தில் தற்செயலாகத் தெரியவரும். கட்டி பெரிதானால் தலைவலி, மூக்கடைப்பு, சைனஸ் அழற்சி ஆகியவை ஏற்படலாம். கண்குழியை அழுத்தினால் விழி பிதுங்குதல், இரட்டைப் பார்வை ஆகியவை உண்டாகும். மூளைப் பக்கச் சுவரை அரித்தால் மூளைத் தண்டுவட நீர்க் கசிவு, மூளையுறை அழற்சி போன்ற ஆபத்தான சிக்கல்கள் அரிதாக நேரலாம்.

கண்டறிதல்

சி.டி. ஸ்கேன் முதன்மையான சோதனையாகும். இதில் கட்டி தெளிவான விளிம்புடன் வெண்ணிறமாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. படத்தில் செறிந்த எலும்பும் காற்றும் ஒன்றுபோல் கருமையாகத் தோன்றுவதால் கட்டி தவறவிடப்படலாம்.

சிகிச்சை

அறிகுறியற்ற சிறிய கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை பொதுவாகத் தேவையில்லை. குறித்த கால இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதுமானது. அறிகுறிகள் தோன்றினாலோ, கட்டி விரைந்து வளர்ந்தாலோ, காற்றறையின் வடிகாலை அடைத்தாலோ, கண்குழிக்கோ மூளைக்கோ பரவினாலோ அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும்.

* அகநோக்கி முறை: நாசித் துளை வழியாகச் செய்யப்படுவதால் முகத்தில் தழும்பு ஏற்படாது. கட்டி உள்ளிருந்து துளைப்பான் மூலம் குடையப்பட்டு, எஞ்சிய மெல்லிய ஓடு அகற்றப்படும்.
* திறந்த முறை: நெற்றிக் காற்றறையின் வெளி ஓரத்தில் உள்ள கட்டிகளை அகநோக்கியால் எட்டுவது கடினம். அப்போது தலைமுடிக்குள் கீறி, காற்றறையின் முன்சுவரை மூடிபோல் திறந்து, கட்டியை அகற்றியபின் மீண்டும் பொருத்துவர்.

முழுமையாக அகற்றப்பட்ட கட்டி மீண்டும் தோன்றுவது அரிது.